பீலியை மூடத் தெரியாதவர்

அபுதாபி
02.03.1997

கலா,

உறையில் முக்தார் நானாவின் கடை விலாசத்தைப் பார்த்துக் கோபப்படாதே. தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பினால் கடிதம் கிளாக்கர் மேசையில் கிடந்து, நீ படிப்பதற்கு முன் லயத்து வரிசை வீடெல்லாம் படித்து முடித்துவிடும். ரம்புக்கனைக் கடையில் கிடந்தால் உன் கைக்குத்தான் வரும்.

கொழும்புக்கு ஒரு வேலையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை தூரம் வந்தது தப்புத்தான். சொன்னால் நீ தடுப்பாய் என்று பயந்தேன். தடுக்காமல் இருந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயந்தேன். ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

என்ன வேலை என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். ரம்புக்கனை ஸ்டேஷன் அளவுக்கு ஒரு கட்டிடம், அதற்குள் ஐந்து மெஷின். சில்லர் என்று பெயர். ஒவ்வொன்றும் நம் லயத்தில் மூன்று வீட்டுக் காம்பரா நீளம் இருக்கும். இவை தண்ணீரைக் குளிரவைத்துக் குழாயில் அனுப்ப, சுற்றியுள்ள பெரிய கட்டிடங்கள் எல்லாம் குளுகுளு என்று இருக்கின்றன. குளிர் அனுப்புகிற நாங்கள் மட்டும் வேர்த்து வழிகிறோம்.

தோட்டத்தில் ரப்பர் அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவன் என்று விண்ணப்பத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, மலையாளி போர்மன் என்னிடம் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்தார். மெஷினின் எண்ணெய் சூடேறாமல் பார்த்துக்கொள்வது. என் அறையில் மாவனல்லை ஷிஹாப் இருக்கிறான். நல்ல பையன், குறட்டைதான் தாங்கமுடியவில்லை.

அன்று சொன்னதைப் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை. ஒரு வரி எழுது.

யோகராஜ்


அபுதாபி
10.08.1997

கலா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முந்தின மூன்று கடிதமும் கிடைத்ததா, அடுப்புக்குள் போனதா தெரியவில்லை. கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். உனக்கு எழுதாவிட்டால் இங்கே எனக்குப் பேச்சே இல்லை.

வேலையைச் சொல்கிறேன். மெஷினுக்குள் சுழலுகிற தண்டு, எண்ணெயின் மேல்தான் நிற்கிறது. ஓட ஓட எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் இளகித் தண்ணீராகிவிடும், தண்டைத் தாங்காது. அதனால் எண்ணெயை ஒரு பெரிய உருளைக்குள் விட்டு, அதற்குள் இருக்கிற மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓட விடுகிறோம். ஒன்றோடொன்று கலக்காமல் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆயில் கூலர் என்பார்கள்.

தண்ணீர் நிறைய விட்டால் நல்லதுதானே என்று நான் முதலில் நினைத்தேன். நம் ஊர்ப் புத்தி. போர்மன் தலையில் அடித்துக்கொண்டார். அதிகம் குளிர்ந்தாலும் எண்ணெய் கெட்டியாகிக் கெட்டுப்போகுமாம். வால்வைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, எண்ணெயை ஒரே பதத்தில் வைத்திருக்க வேண்டும். குழாய்க்குள் உப்புப் படியக் கூடாது, தண்ணீரை வடிகட்டுகிற வலையில் குப்பை அடையக் கூடாது. பகலெல்லாம் அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே என் பிழைப்பு.

இங்கே மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்கிறது. டேப்பைத் திறந்தால் சுடுதண்ணீர்தான் வரும். யாரும் விறகு வைக்கவில்லை, யாரும் ஊதவில்லை, சும்மா வருகிற சுடுதண்ணீர். ஷிஹாப் ஆனந்தமாகக் குளிக்கிறான். எனக்கு உடம்பில் ஒட்டவில்லை, கலா. குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அழுகை வருகிறது. வெட்கம்தான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

யோகராஜ்


கொளுதெனிய தோட்டம்
ரம்புக்கனை
19.10.1997

திரு. யோகராஜ் அவர்களுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. அடுப்பில் போடவில்லை. நான் பதில் எழுதுவது உங்களுக்காக இல்லை, முக்தார் நானாவின் தொந்தரவு தாங்காமல்தான். சீனி வாங்கப் போனாலும், "மகள், ஒங்களுக்குக் காயிதம் வந்தீக்கி, பதில் எழுதினீங்களா இல்லயா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்கிறார்.

அன்று சொன்னதை எழுதத் தைரியமில்லை என்றீர்கள். நான் எழுதுகிறேன். சுப்பம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருந்த நேரம், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் அவளுடைய மகனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. தோட்டத்து லொறி வரும்வரை அவனை மடியில் போட்டு உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆயாம்மா என்று சம்பளம் வாங்குகிறேன், அது என் வேலை. வீட்டுக்கு வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. நீங்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். தினமும் கேட்பது போல, "தண்ணி சூடா இருக்கா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

"ஊரான் புள்ளைங்களுக்கு மாரடிக்கவே ஒனக்கு நேரம் சரி. நம்ம வீட்டுல ஒண்ணு இருந்திருந்தா வீடுன்னு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சிருக்கும்" என்றீர்கள்.

எட்டு வருஷத்தில் ஊரில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் சொல்லாதவர். அன்றோடு அந்தக் கணக்கும் முடிந்தது. நானும், "இனிமே ஒங்க தண்ணிய நீங்களே சுடவச்சுக்கங்க" என்றேன். அதற்கு நீங்கள் கடல் தாண்டிப் போய்விட்டீர்கள். ரோசத்தில் குறைச்சலில்லை.

அந்தப் பையன் பிழைத்துவிட்டான். இப்போது நடக்கிறான்.

விஜயகலா


அபுதாபி
16.11.1997

கலா,

திரு என்று போட்டாலும் பரவாயில்லை, உன் கையெழுத்து. ஷிஹாப் கேலி செய்கிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. உன் மனதில் எங்கே தைக்கும் என்று எட்டு வருஷமாகத் தெரிந்தவன் நான். தெரிந்த இடத்திலேயே குத்தினேன். களைப்பு, பசி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பிள்ளை இல்லாததை உன் குறை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீ இல்லாத வீடுதான் வீடாகத் தெரியாது. மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். மன்னிக்க வேண்டிய அவசரம் உனக்கு இல்லை.

சுப்பம்மாவின் மகன் நடப்பதைப் படித்து சந்தோஷப்பட்டேன். அன்று நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் நினைத்துப் பார்த்தேன்.

ஒரு வருஷம் முடிந்ததும் ஒரு மாத லீவு தருவார்கள். சித்திரைக்கு முந்தின சனிக்கிழமை, கொழும்பிலிருந்து பகல் கோச்சியில் ரம்புக்கனையில் இறங்குவேன். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். வந்தால் எந்தப் பக்கம் நிற்பாய் என்று மட்டும் தினமும் யோசிக்கிறேன்.

யோகராஜ்


கொளுதெனிய தோட்டம்
25.01.1998

அத்தானுக்கு,

திருவை எடுத்துவிட்டேன். அதற்காகத் தலைக்கு மேல் ஏறி உட்கார வேண்டாம்.

தைப்பொங்கலுக்கு மழை. பீலிக்கரைப் பாதை வழுக்கி, சுப்பம்மா குடத்தோடு விழுந்தாள். குடம்தான் நெளிந்தது. வழக்கம்போல மலையிலிருந்து தண்ணீர் குழாயில் வந்து, பீலியில் கேட்பாரில்லாமல் இராப்பகலாய்க் கொட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கொஞ்சம் திற, கொஞ்சம் மூடு என்று வால்வோடு மல்லுக்கட்டுவதை அவளிடம் சொன்னேன். "பீலிக்குப் போயி மூடி போடுவாங்களாக்கும்?" என்று அவள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாயிற்று.

சித்திரைக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டேன். காம்பராச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அத்தானுக்கென்று அடிக்கவில்லை, சுவர் அழுக்காக இருந்தது.

கண்டிக்குப் போகிற கோச்சி மலை ஏற முக்குவது இங்கே வாசல்வரை கேட்கும், தெரியுமே. போன வருஷம் அந்தச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவேன். இப்போது வெளியே வந்து நிற்கிறேன்.

ஸ்டேஷனில் மணிக்குப் பக்கத்தில் நிற்பேன். யோசிப்பதை விட்டுவிட்டு எண்ணெயைப் பாருங்கள்.

கலா


அபுதாபி
24.03.1998

கலா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சித்திரைக்கு நான் வரமுடியாது. மூன்றாம் மெஷின் என் கையால் கெட்டுவிட்டது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஆயில் கூலருக்குத் தண்ணீர் விடுகிற வால்வு, மெஷின் ஓடினால் தானாகத் திறக்கும், நின்றால் தானாக மூடும். மூன்றாம் மெஷினில் அது பழுதாகி, கழற்றித் திருத்தக் கொடுத்திருந்தார்கள். அதுவரை பக்கக் குழாயில் கை வால்வை வைத்து ஓட்டினோம். அன்று என் முறை. மெஷினை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். எல்லாவற்றையும் பார்த்தேன். தண்ணீரை மட்டும் மூடவில்லை.

மறக்கவில்லை, கலா. பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் கேட்டது. அது எனக்குத் தப்பாகப் படவே இல்லை. பிறந்ததிலிருந்து பீலிச் சத்தத்தில் தூங்கி எழும்பியவன். தண்ணீர் ஓடினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம், நின்றால்தானே எழுந்து ஓடுவோம்? அந்தச் சத்தத்தைக் கேட்டு மனம் நிறைந்துபோய் அறைக்குப் போனேன். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

நின்ற மெஷினின் எண்ணெய் ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் மெஷினுக்குள் இருக்கிற, குளிரவைக்கிற கேஸை எல்லாம் குடித்துவிடுமாம். மறுபடி ஓடவிட்டதும் எண்ணெய் சவுக்காரம் போட்டது போல நுரைத்துப் பொங்கிவிட்டது. நுரை தண்டைத் தாங்குமா? ஒரு அலறல். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

போர்மன் என்னை அனுப்பிவிடவில்லை. "கழற்றிப் பூட்டற வரைக்கும் நீ இங்கதான்" என்று சொல்லிவிட்டார். உதிரிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எனக்கு லீவு இல்லை.

நீ மணிக்குப் பக்கத்தில் நிற்காதே. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு போடுகிறேன்.

யோகராஜ்


கொளுதெனிய தோட்டம்
22.04.1998

யோகராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முக்தார் நானா கடையைப் பூட்டிவிட்டு அவருடைய அக்கா ஹபீஸாவின் வீட்டுக்கு, அரநாயக்கவுக்குப் போயிருந்தார். வருஷப் பிறப்பும் சேர்ந்து வந்ததால் கடை திறக்கச் சுணங்கியது. தபால்காரர் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போன கடிதம் அங்கேயே கிடந்திருக்கிறது. பூட்டிய கதவைத் தாண்டித்தான் நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மணிக்குப் பக்கத்தில் நின்றேன். பகல் கோச்சி வந்தது. வருஷத்துக்கு வருகிற சனம், மூட்டை முடிச்சு. எல்லோரும் இறங்கி முடியும்வரை பார்த்தேன். கடைசிப் பெட்டிப் பக்கம் உங்களைப் போல ஒருவர் குனிந்து பெட்டியைத் தூக்கினார், ஓடினேன். அவர் இல்லை. அடுத்த கோச்சியில் வருவீர்கள் என்று இருந்தேன். அதற்கு அடுத்ததில் என்று இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டு, "தங் கெதர யன்ன, நங்கி" என்றார். வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரு சிங்களத்து மனிதர் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்தேன்.

லயத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பீலிச் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பச் சொல்கிறீர்களா? எண்ணெய், தண்ணீர், நுரை. வர மனமில்லை என்று ஒரு வரி எழுதினால் போதுமே, அதற்கு எதற்கு இத்தனை பெரிய மெஷின்? அது நின்றால் அதன் பக்கத்தில் இருந்து திருத்துகிறீர்கள். என் மனதை உடைத்துவிட்டுக் கடலைத் தாண்டி ஓடினீர்கள்.

நான் இனிமேல் எழுதமாட்டேன்.

விஜயகலா


அபுதாபி
31.05.1998

கலா,

நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தேன், உன்னை விட்டு ஓடினேன். அதற்கு மேல் எனக்கு வக்காலத்து இல்லை. நீ மணிக்குப் பக்கத்தில் நின்ற நேரம் நான் அந்த மெஷினுக்குக் கீழே மல்லாந்து கிடந்து கருகிய பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் கடிதம் உன்னிடம் வந்திருக்கும், நீ வீட்டில் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்று நினைத்து ஆறுதலாக இருந்தேன். நீ ஓடி வந்து யாரோ ஒருவன் முகத்தைப் பார்த்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மெஷின் திருந்திவிட்டது. நேற்று ஓடவிட்டார்கள். வால்வை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். இப்போது எண்ணெய் சரியான பதத்தில் நிற்கிறது, தண்ணீர் அளவாக ஓடுகிறது.

போர்மன் பக்கத்தில் நிறுத்திவைத்து எனக்கு ஒன்று சொல்லித்தந்தார். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு ஹீட்டர் உண்டு. மெஷின் ஓடும்போது அதற்கு வேலையில்லை. நின்றவுடன் அது பற்றிக்கொள்ளும். ஒரு மாதம் ஓடாவிட்டாலும் அதை மட்டும் அணைக்கமாட்டார்கள். "ஓடாத மெஷினுக்கு எதுக்கு சார் சூடு?" என்று கேட்டேன். "திரும்ப ஓட வேண்டாமா?" என்றார். நான் அந்தச் சூட்டின் மேல்தான் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். ஜூலைக் கடைசியில் எனக்கு லீவு. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு இங்கேயே கையெழுத்துப் போடலாம். நீ வா என்று சொன்னால் லீவுக்கு இல்லை, ஒரேயடியாக வந்துவிடுகிறேன். ஸ்டோரில் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் மண்வெட்டி இருக்கிறது. வேண்டாம் என்றாலோ, எழுதமாட்டேன் என்றபடியே பேசாமல் இருந்துவிட்டாலோ, கையெழுத்துப் போட்டுவிடுவேன். உன்னைப் பயமுறுத்த இப்படி எழுதவில்லை. கூப்பிடாமல் வந்து உன் வாசலில் நிற்கிற உரிமை எனக்கில்லை.

ஜூலை பிறந்ததும் போர்மன் கேட்பார். அதுவரை காத்திருப்பேன்.

யோகராஜ்


கொளுதெனிய தோட்டம்
14.06.1998

என் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எந்தப் பெட்டியையும் நம்பிப் போடமாட்டேன். கேகாலைப் பெரிய தபாற்கந்தோருக்கு நானே பஸ் ஏறிப் போய், பதிவுத் தபாலில் போட்டு, முத்திரை குத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவேன்.

எழுதமாட்டேன் என்றேன், எழுதுகிறேன். உங்கள் போர்மன் சொன்னதைப் படித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தான், உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. இனிமேல் உங்கள் தண்ணீரை நீங்களே சுடவைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால்தான் சொன்னேன். நீங்கள் போனபிறகு, ஒருநாள் சாயங்காலம் பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்ததும் கை தானாக அந்தப் பெரிய கரிச்சட்டியை நிரப்பி அடுப்பில் ஏற்றிவிட்டது. தண்ணீர் கொதித்தபிறகுதான் ஆளில்லை என்ற நினைப்பு வந்தது. மறுநாளும் ஏற்றினேன். சீ என்று எனக்கே இருந்தது. உங்களைத் திட்டிக்கொண்டே விறகை ஊதுவேன். ஆறின தண்ணீரைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொச்சிக்காய் மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவேன். நான் பதில் எழுதாமல் இருந்த மாதங்களிலும் அது நிற்கவில்லை.

சுப்பம்மா ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏன்டி, ஆம்பள இல்லாத வீட்டுல யாருக்குடி இவ்வளவு சுடுதண்ணி?" என்றாள். எனக்குத்தான் கால் வலி என்று பொய் சொன்னேன்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பின அன்று மட்டும் அடுப்பு மூட்டவில்லை. அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காம்பராவே செத்த வீடு போல இருந்தது. உங்களுக்குத் தண்ணீர் வைக்காமல் என்னால் இருக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் மூட்டினேன். உங்களுக்கு அந்தக் கோபக் கடிதத்தை எழுதும்போதும் தண்ணீர் பக்கத்தில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஓடாத மெஷினுக்கு எதற்குச் சூடு என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அத்தனை பெரிய மெஷினோடு இத்தனை நாள் இருந்தும் அதைக் கேட்கத்தான் வேண்டியிருந்ததா உங்களுக்கு?

கையெழுத்துப் போடாதீர்கள். வாருங்கள். வந்தபிறகும் நான் பிள்ளைக்காம்பராவில் சுணங்கத்தான் செய்வேன். யாராவது ஒரு பிள்ளைக்கு எப்போதும் காய்ச்சல் இருக்கும். அன்றைக்கு அடுப்பு மூட்ட நீங்கள் கற்றுக்கொள்ளவேண்டும். சுப்பம்மாவின் மகன் இப்போது என்னைப் பெரியம்மா என்கிறான். உங்களைப் பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் சரி.

இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். கோச்சி ரம்புக்கனையை விட்டு மலை ஏறுகிற சத்தம் கேட்டதும் விறகைத் தள்ளிவைப்பேன். நீங்கள் நடந்து வந்து சேரச் சரியாக இருக்கும். வாசலில் நின்று மன்னிப்பு அது இது என்று ஒன்றும் பேசவேண்டாம், லயத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல, "தண்ணி சூடா இருக்கா?" என்று கேளுங்கள்.

இருக்கிறது.

கலா